போட்டோபில்ஸ் செயலி: யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் படமெடுக்க எவ்வளவு பிரயோசனம்?

கமராவோடு யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாள் வருகிறவர்கள் பலரும் போடும் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டரைக்கு ஆறுதலாகச் சாப்பிட்டு வெளிக்கிடுவது, பத்து மணிக்கு நல்லூர், பதினொன்றரைக்குக் கோட்டை, இரண்டு மணிக்குப் பொது நூலகம். மூன்று இடத்திலும் வெயில் உச்சியில். கோபுரத்துச் சிற்பங்களின் கண்கள் கறுப்புக் குழிகளாக வரும். நூலகத்தின் வெள்ளைச் சுவர் வெளிறிப்போகும். கோட்டைக் கல்லின் மேடுபள்ளம் தெரியாது. இடங்களில் பிழையில்லை, போன வரிசையில்தான் பிழை. அந்த வரிசையைப் போட்டுத் தருவதற்கென்றே விற்கப்படும் செயலி போட்டோபில்ஸ். அது எங்கள் ஊருக்கு எவ்வளவு சரிவரும், காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பதைப் பார்ப்போம்.

ஸ்பெயினின் மெனோர்க்கா தீவுக்காரர்கள் செய்த செயலி இது. விலை ஏறத்தாழ 10 அமெரிக்க டொலர், நாணய மாற்றைப் பொறுத்து இலங்கைக் காசில் மூவாயிரத்துக்கு மேல் போகும். ஒருமுறை கட்டினால் காணும், மாதச் சந்தா இல்லை. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் பாவிக்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ‘பில்’ (மாத்திரை என்று பெயர் வைத்த சிறு கருவி) என்று கனக்கக் கிடக்கும்: பால்வீதி, நட்சத்திரத் தடம், நேரச்சுருக்கப் படம், குவியத் தூரம் என்று நீளும். ஊருக்குள் ஒரு நாள் படமெடுக்க இதில் மூன்றே காணும்: வரைபடத்தில் திட்டம் போடும் பிளானர், போன் கமராக் காட்சியின்மேல் சூரியன் போகும் பாதையைக் காட்டும் ஏஆர், திகதிவாரியாகச் சூரியனின் விபரம் தரும் சூரியன் பில். மற்றவற்றைத் திறந்து குழம்ப வேண்டாம். முதல் நாளே செயலியை வெறுத்து அழிக்கிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே இரவில் படிக்கப் பார்த்தவர்கள்தான்.

பிளானர் வேலை செய்யும் விதம் இலகு. வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் சிவப்பு ஊசியைக் குத்த வேண்டும். அதிலிருந்து நாலு தடித்த கோடுகள் விரியும். மஞ்சள் சூரியன் உதிக்கும் திசை, செம்மஞ்சள் மறையும் திசை, இளநீலம் சந்திரன் எழும் திசை, கடுநீலம் அது மறையும் திசை. கீழேயுள்ள நேரப்பட்டியை விரலால் இழுத்தால் மெல்லிய கோடு நகர்ந்து அந்த நிமிடத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்று காட்டும். படமெடுக்கப்போகும் கட்டடத்தின்மேல் கறுப்பு ஊசியைக் குத்தினால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் திசையும் வரும். முக்கியமான ஒன்று: சிவப்பு ஊசி உங்கள் கால் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். புதியவர்கள் அதைக் கோபுரத்தின் மேலேயே குத்திவிட்டு, கோடுகள் பொருந்தவில்லை என்று செயலியைக் குறை சொல்வார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை செயலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணம் தட்டையான ஊர். கண்டியிலோ நுவரெலியாவிலோ மலை மறைத்துச் சூரியன் அரைமணித்தியாலம் பிந்தும். இங்கே அந்தக் கரைச்சல் இல்லை, கடல்வெளியில் நின்றால் சொன்ன திசையில் சொன்ன நேரத்தில் வரும். கரைச்சல் வேறு பக்கத்தால் வரும்.

கோல்டன் ஹவர் எங்கள் ஊரில் ஒரு மணித்தியாலம் இல்லை

சாய்ந்த பொன்னிற வெளிச்சம் விழும் கோல்டன் ஹவர் என்று செயலி கணக்கிடுவது, சூரியன் அடிவானத்துக்கு 4 பாகை கீழே இருப்பதிலிருந்து 6 பாகை மேலே ஏறும்வரை உள்ள நேரத்தை. வானம் கடுநீலமாக நிற்கும் ப்ளூ ஹவர் என்பது 6 பாகை கீழிலிருந்து 4 பாகை கீழ்வரை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே சூரியன் சரிந்து ஏறாமல் செங்குத்தாக ஏறும், மணித்தியாலத்துக்கு 14 பாகையளவில். ஆகவே கோல்டன் ஹவர் முழுவதும் சேர்த்து 40 நிமிடமளவுதான். அதில் சூரியன் உண்மையில் கண்ணுக்குத் தெரிவது 25 முதல் 30 நிமிடம். ப்ளூ ஹவர் எட்டு, ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

லண்டனிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். அங்கே டிசெம்பர் நண்பகலிலேயே சூரியன் 15 பாகையளவுதான் உயரும், சாய்ந்த வெளிச்சம் நாள் முழுக்கக் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கே காலை எட்டரைக்கு வெளிக்கிட்டால், பெப்ரவரி நடுப்பகுதியில்கூட 8.40 அளவில் சூரியன் 30 பாகைக்கு ஏறிவிடும். அதிலிருந்து பின்னேரம் 4.10 வரை முகத்தில் மூக்கு நிழல் விழும் வெளிச்சம்தான்.

ஆகவே ஒரு நாளில் நல்ல வெளிச்சத்தில் எடுக்கக்கூடிய இடம் காலையில் ஒன்று அல்லது இரண்டு, மாலையில் ஒன்று அல்லது இரண்டு. ஐந்து இடத்தைப் பட்டியல் போட்டால் மூன்று வெயிலில் வேகும். அந்த மூன்றும் எவை என்பதை முதலே தீர்மானிப்பதுதான் திட்டம்.

உதயமும் மறைவும் வருடம் முழுக்க ஒரு மணித்தியாலத்துக்குள் ஆடும். ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு 5.51 அளவில் உதித்து 6.32க்கு மறையும். டிசெம்பர் 21 அளவில் 6.21, 5.54. பெப்ரவரி 15 என்றால் 6.29, 6.19. விடியல் மிகவும் பிந்துவது தை கடைசியில், 6.32 அளவு. ஆனால் மாலை கெதியாக இருட்டுவது டிசெம்பரில் என்று நினைத்தால் பிழை, நவம்பர் நடுப்பகுதியிலேயே 5.45 அளவில் சூரியன் போய்விடும். நவம்பரில் வருகிறவர் மறைவை எடுக்க ஆறு மணிக்குப் பண்ணைப் பாலத்துக்குப் போய்ப் பிரயோசனமில்லை.

நல்லூரில் எந்தப் பக்கம், எப்போது

இந்தச் செயலி தன் விலையை நியாயப்படுத்தும் இடம் நல்லூர். முன்வாசல் கிழக்குப் பார்த்தது, ஐந்து நிலைக் கோபுரம். தெற்கிலும் வடக்கிலும் பின்னாளில் எழுந்த ஒன்பது நிலை இராஜகோபுரங்கள். மூன்றுக்கும் வெளிச்சக் கணக்கு வேறுவேறு.

கிழக்குக் கோபுரத்துக்குக் காலைதான். மத்தியானத்துக்குப் பிறகு அதன் முகம் நிழலில் போய்விடும். பின்னேரம் முன்வீதியில் நின்று பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால், ஆகவே கறுப்பு நிழலுருவாக எடுக்கலாமே தவிரச் சிற்பம் தெரியாது. காலையிலும் எல்லா மாதமும் ஒன்றல்ல. மார்ச் 20, செப்டெம்பர் 22 அளவில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். வெளிச்சம் கோபுரத்தின் நெற்றியில் நேரே விழுந்து சிற்பங்களைத் தட்டையாக்கும். ஜூனில் வடக்குப் பக்கம் 24 பாகை தள்ளியும், டிசெம்பரில் தெற்குப் பக்கம் அதேயளவு தள்ளியும் உதிப்பதால் பக்கவாட்டு வெளிச்சம் விழும், ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கும். சிற்பம் எடுக்க அந்த மாதங்கள்தான் வடிவு. மாலையில் கோபுரத்துக்கு நேர் பின்னால் சூரியன் இறங்க வேண்டும் என்றால் மறுபடி மார்ச், செப்டெம்பர். எந்தத் திகதி, வீதியில் எந்த இடத்தில் நிற்பது என்பதைக் கறுப்பு ஊசியை வைத்துப் பார்த்தால் சொல்லிவிடும்.

தெற்கு, வடக்குக் கோபுரங்களுக்கு வேறு சூத்திரம். ஏப்ரல் 14, 15 அளவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மதியம் 12.10க்குச் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் 28 அளவில் மறுபடி உச்சிக்கு வரும். இந்த இரண்டு திகதிக்கும் இடையில் நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மிச்ச மாதங்களில் தெற்கே. ஆகவே பெப்ரவரியில் தெற்குக் கோபுரத்தின் முகத்தில் காலை முதல் மாலைவரை வெயில் கிடக்கும், வடக்குக் கோபுரத்தின் முகம் நாள் முழுக்க நிழலில். ஜூன், ஜூலையில் தலைகீழ். திருவிழா பெரும்பாலும் ஓகஸ்டில் வருவதால் அப்போது மதிய வெளிச்சம் உச்சியிலிருந்து வடக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும். தெற்கு வாசலில் நின்று பகலில் எடுத்தால் கோபுரம் மங்கி, வானம் வெளிறும். சூரியன் பில்லைத் திறந்து திகதியை மாற்றிப் பார்த்தால் இவ்வளவும் ஒரு நிமிடத்தில் தெரியும்.

செயலிக்குத் தெரியாத விதிகளும் நல்லூரில் உண்டு. உள்வீதியில் படம் எடுக்க விடமாட்டார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அப்போது கமராப் பையை எங்கே வைப்பது என்பதை வெளியிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். திருவிழா 25 நாளும் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடாமல் மறித்துவிடுவார்கள், ஓட்டோ தூரத்தில் இறக்கிவிடும். அந்த நடையைக் கணக்கில் சேர்க்காமல் ‘6.01க்கு உதயம்’ என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறரைக்குத்தான் வாசலை அடைவீர்கள். பூசை நேரம் நல்லூரில் மணிக்கூட்டைப் போல நடக்கும், அதைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோட்டை, நூலகம், நடுவில் பத்து நிமிட நடை

மாலைக்கு ஊருக்குள் இதைவிட நல்ல சோடி இல்லை. போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாகப் பெருப்பித்த கோட்டை, மேற்குப் பக்கம் கடல்நீரேரி. அங்கிருந்து நூலகம் நடை தூரம். பெப்ரவரி 15க்குச் செயலியைக் கேட்டால் மாலை இப்படி விரியும்: 5.50க்குச் சூரியன் 6 பாகைக்கு இறங்கும், 6.19க்கு மறையும், 6.32க்கு ப்ளூ ஹவர் தொடங்கும், 6.40க்கு முடியும்.

5.30க்குள் கொத்தளத்தில் நில்லுங்கள். முதலில் கடலைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். முருகைக்கல்லின் ஒவ்வொரு பொத்தலும் சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி நிற்கும். துவாரம் எஃப்/8, ஷட்டர் 1/125 செக்கன், ஐஎஸ்ஓ 200 அளவில் தொடங்கலாம். சூரியன் 3 பாகைக்கு இறங்கிய பிறகுதான் கடற்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு முன் நேரே எடுத்தால் லென்ஸுக்குள் வெள்ளைப் பொட்டுகள் விழும். சூரியன் நீரைத் தொடும் கணத்துக்கென்று காத்திருக்கவும் வேண்டாம். நீரேரிக்கு மேல் கிடக்கும் புகாரில் கடைசி ஒன்று இரண்டு பாகை பெரும்பாலும் கரைந்துபோகும். செயலி 6.19 என்றால் கண்ணுக்கு 6.12க்கே சிவந்து மங்கி இல்லாமல் போகலாம். நல்ல படம் 6.00க்கும் 6.10க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்தவுடன் இறங்கி நடக்கத் தொடங்குங்கள். 6.30க்கு நூலகத்தின் முன் ட்ரைபொட் விரித்திருக்க வேண்டும். வெள்ளைக் கட்டடம், மின்விளக்கு, பின்னால் நீல வானம், இம்மூன்றும் சமனாக நிற்பது அந்த எட்டு நிமிடம் மட்டும்தான். ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்று வைத்தால் தொடக்கத்தில் அரைச் செக்கன் அளவிலும் கடைசியில் நாலைந்து செக்கன் வரையும் போகும். வெள்ளைச் சுவர் கமராவின் அளவியை ஏமாற்றிப் படத்தைச் சாம்பலாக்கும். வெளிச்ச அளவை ஒரு தரத்தில் (ஸ்டொப்) மூன்றில் இரண்டு பங்கு கூட்டி வைத்து, விளக்கடியில் வெளிச்சம் எரிகிறதா என்று கமராவின் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் பாருங்கள். நூலகத்தின் உள்ளே எடுப்பதானால் அனுமதி கேட்டுத்தான்.

இதில் ஒரு பொறி: கோட்டை வாசல் மூடும் நேரம். சூரியன் ஜூலையில் 6.35 வரை நிற்கும், வாசற்காவலர் அதுவரை நிற்பாரா என்பது வேறு கதை. உள்ளே போகும்போதே “அண்ணை, எத்தனை மணிக்குப் பூட்டுவியள்?” என்று கேட்டுவிடுங்கள். சரிவராது என்றால் பண்ணைப் பாலத்துக்குப் போய்விடலாம், அங்கே கதவில்லை. தண்ணீருக்குள் தடி நட்டுக் கட்டிய மீன்வலைகள் முன்னால் நிற்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் 10 தர கறுப்பு பில்ரர் இருந்தால் 1/60 செக்கன் 17 செக்கனாக நீளும், தண்ணீர் கண்ணாடியாகும், தடிகள் மட்டும் கோடுகளாக நிற்கும். பஸ் போகும்போது வீதி அதிரும், ட்ரைபொட்டின் கால் மண்ணில் நிற்கட்டும், தாரில் வேண்டாம்.

பனை பற்றிச் செயலிக்குத் தெரியாது

வரைபடத்துக் கோடு அடிவானம்வரை திறந்த வெளி என்று நினைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. 20 மீற்றர் உயரப் பனங்கூடல் 200 மீற்றர் தூரத்தில் நின்றால் அது 5.7 பாகையை மறைக்கும். அதாவது காலை வெயில் உங்கள் இடத்துக்கு 25 நிமிடம் பிந்தி வரும், வரும்போது கோல்டன் ஹவர் முடிந்திருக்கும். கந்தரோடைத் தூபிகளுக்கும் வடமராட்சியின் உள்ளூர்க் கோயில்களுக்கும் விடிய ஐந்துக்கு எழும்பிப் போய், மங்கல் வெளிச்சத்தோடு திரும்புகிறவர்கள் இதைத்தான் கவனிக்கவில்லை.

இதற்கு மருந்து ஏஆர். முதல் நாள் பின்னேரம் அந்த இடத்துக்குப் போய், போனைத் தூக்கிப் பிடித்தால் கமராக் காட்சியின்மேல் மறுநாள் சூரியன் போகும் பாதை வளைவாக விழும், மணி குறித்தபடி. எந்தப் பனையின் வட்டுக்கு மேலே எத்தனை மணிக்கு எட்டிப்பார்க்கும் என்று நேரேயே வாசிக்கலாம். ஆனால் ஏஆர் போனிலுள்ள திசைகாட்டியை நம்பியிருக்கிறது. காந்தம் வைத்த போன் உறை, ஓட்டோவின் தகரம், இரும்பு வேலி எல்லாம் அதைத் திருப்பிவிடும், பத்துப் பாகைகூடப் பிசகும். உறையைக் கழற்றுங்கள், இரும்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள், போனை எட்டுப் போல ஆட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு திரையிலுள்ள சூரியனை உண்மையான சூரியனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலகினால் கையால் பொருத்தும் வசதி இருக்கிறது. வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்டி ஏஆரைத் திறந்து வைத்தால் பற்றரி தண்ணீராய்ப் போகும், பவர்பேங்க் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம்.

போயாவுக்கு முதல் நாள்

சந்திரனை வைத்துப் படமெடுக்கிறவருக்கு இந்தச் செயலிக்கு ஈடு இல்லை. போயா தினத்தில், அதாவது முழுநிலா நாளில், சந்திரன் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் எழும். அது கொஞ்சம் மேலே வந்து பிரகாசிக்கும்போது ஊர் இருண்டுவிடும். ஊர் தெரிய வைத்தால் சந்திரன் வெள்ளை ஓட்டை, சந்திரன் தெரிய வைத்தால் ஊர் கறுப்பு. முதல் நாள் ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் முந்தியே எழுந்துவிடும், அப்போது இரண்டுக்கும் ஒரே வெளிச்ச அளவு சரிவரும். போயாவன்று பஸ்களும் குறைவு என்பதால் முதல் நாள் எல்லா வகையிலும் வசதி.

இடம் பண்ணைப் பாலமேதான், ஆனால் முதுகைக் காட்டி: மேற்கே நடந்து போய், கிழக்கே ஊரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கணக்கு நேரானது. சந்திரன் அரைப் பாகை அகலம். 2 கிலோமீற்றருக்கு அப்பால் நின்றால் 17, 18 மீற்றர் அகலமான கட்டடத்தளவு சந்திரன் தெரியும். கட்டடம் சிறியதென்றால் கிட்டப் போங்கள், அதன் அகலத்தை 115ஆல் பெருக்கினால் நிற்க வேண்டிய தூரம். லென்ஸின் நீளத்தை 110ஆல் வகுத்தால் சென்சரில் சந்திரனின் அளவு மில்லிமீற்றரில் வரும். முழுச்சட்டக் கமராவில் 400 மி.மீ. போட்டால் படத்தின் உயரத்தில் 15 வீதம். 200க்குக் கீழே என்றால் முயல வேண்டாம்.

மாதத்தைப் பாருங்கள், முழுநிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். டிசெம்பரில் வடகிழக்கிலும் ஜூனில் தென்கிழக்கிலும் எழும். உங்களுக்கு வேண்டிய கட்டடத்துக்கு நேரே எந்த மாதம் வரும் என்பதைப் பிளானரிலுள்ள ‘ஃபைன்ட்’ தேடித் தரும். இலவசச் செயலிகளில் இந்த வசதி இப்படிக் கிடைப்பது அரிது.

அது சொல்லாதவை

முகில். வடகீழ்ப் பருவமழைக்காலமான ஒக்டோபர் முதல் டிசெம்பர்வரை இந்தச் செயலி சொல்லும் நேரமெல்லாம் சரி, சூரியன்தான் வராது. வானிலையை வேறிடத்தில் பாருங்கள். காற்று: மே முதல் செப்டெம்பர்வரை சோளகம் அடிக்கும். திறந்த கரையில் நீண்ட நேரப் படம் ஆடும், உப்புத் துளி பில்ரரில் படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி. படகில் தீவுக்குப் போகிறவர்கள் கமராவை ஈரம் புகாத பைக்குள் கட்டிக்கொள்ள வேண்டும்.

படகு நேரம்தான் எல்லாவற்றிலும் பெரியது. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணித்தியாலம், இருபது நிமிடம். நெடுந்தீவு ஒரு மணித்தியாலமளவு. நெடுந்தீவில் குதிரைக்கும் பெருக்க மரத்துக்கும் மாலை வெளிச்சம் எவ்வளவு வடிவு என்று செயலி காட்டும், ஆனால் திரும்பும் படகு அந்த வெளிச்சத்துக்குக் காத்திருக்காது. தங்காமல் போனால் உச்சி வெயிலில்தான் படம். அதற்கு முருகைக்கல் மதில்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம், வேறு வழியில்லை. அங்கே சிக்னலும் விட்டுவிட்டு வரும். கணக்குக்கு இணையம் வேண்டாம், வரைபடத்துக்கு வேண்டும். போகமுன் திட்டத்தைச் சேமித்து, திரைப் படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று: ட்ரோன் பறக்க விடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு. முகாம், கடற்படைத் தளம், பலாலி விமான நிலையச் சுற்றாடல் பக்கம் கமராவே தூக்க வேண்டாம். வரைபடத்தில் வெறும் கரையாகத் தெரிவது நேரில் வேலி போட்ட இடமாக இருக்கலாம்.

ஒரு பெப்ரவரி நாள்

6.10க்குப் பாசையூர் அல்லது குருநகர்க் கரை. படகு வரும், மீன் இறங்கும், ஏலம் நடக்கும். உதயத்துக்கு முந்திய இருபது நிமிடம்தான் படகுகளின் நிறம் வாய்க்கும். மார்கழி, தையில் சூரியன் நீர்ப்பக்கம் சாய்ந்து உதிக்கும், ஆனி, ஆடியில் ஊர்ப்பக்கம் போய்விடும் என்பதால் இந்த இடம் வருட முற்பகுதிக்கே. மீன் விற்கிற அக்காவிடம் “ஒரு படம் எடுக்கட்டே?” என்று கேட்டு எடுங்கள், தலையாட்டினால் எடுங்கள், முகம் திருப்பினால் விடுங்கள். 6.50க்கு ஓட்டோ ஏறினால் 7.05க்கு நல்லூர்க் கிழக்கு வீதி. எட்டரைவரை அங்கே. பிறகு தெற்குக் கோபுரம், பெப்ரவரியில் அவசரமில்லை, வெயில் அங்கேயே நிற்கும்.

பத்து முதல் மூன்றரைவரை கூரைக்குக் கீழே போய்விடுங்கள். திருநெல்வேலிச் சந்தை, பெரியகடை, கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள். எஃப்/2.8, 1/125, ஐஎஸ்ஓ 800 முதல் 1600. சந்தையில் நீலத் தறப்பாள் கட்டிய இடத்தில் தக்காளியும் மனித முகமும் நீலமடிக்கும். தானியங்கி வெள்ளைச் சமநிலையை விட்டு, ஒரு வெள்ளைக் கடதாசியைக் காட்டிச் செட் பண்ணுங்கள், அல்லது தறப்பாளின் விளிம்பில் வெளி வெளிச்சம் விழும் கடையைத் தேடுங்கள். நாலு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் கட்டியது, ஐந்து நிமிடம் காணும். பிறகு மேலே சொன்ன கோட்டையும் நூலகமும்.

இதே நாளை ஜூனில் போடுவதானால் ஊரை விட்டு வடகரைக்குப் போவது மேல். காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் கரை வடக்குப் பார்த்தது. சூரியன் 66 பாகையில் உதித்து 294இல் மறைவதால் உதயமும் மறைவும் இரண்டும் கடல்மேலேயே கிடைக்கும்.

இலவசமாக ஒன்று காணாதா?

பலருக்குக் காணும். சன்கல்க் இணையத்தளம் இலவசம். இடத்தைக் குத்தினால் உதயம், மறைவு, திசை, உயரம், ஒரு பொருளின் நிழல் நீளம்வரை தரும். மேலே நல்லூருக்கும் கோட்டைக்கும் சொன்ன கணக்கையெல்லாம் அதிலேயே போடலாம். ஒருமுறை வந்துபோகிறவர், போன் கமராவில் எடுக்கிறவர், சந்திரனில் ஆசையில்லாதவர் காசைச் செலவழிக்கத் தேவையில்லை, அந்தக் காசுக்கு ஓட்டோவை அரை நாள் கூடப் பிடிக்கலாம். நீண்ட லென்ஸ் வைத்திருக்கிறவர், கலியாணம் முதலான வெளிப்புறப் படம் எடுத்துத் தொழில் செய்கிறவர், பனை மறைப்பை முதலே பார்க்க வேண்டியவர் வாங்கலாம். அவர்களுக்கு ஏஆரும் ‘ஃபைன்ட்’டும் மட்டுமே அந்த விலைக்குப் போதும். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். குறைத்த ஒன்று, ஒரு நாளுக்கு மட்டும் வேண்டியவரையும் முழுக் கடலுக்குள் தள்ளிவிடும் அதன் அமைப்புக்கு.

வாங்குவதானால் இரண்டு விடயம். அன்ட்ரொயிட்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியாகக் காசு, ஒன்றில் வாங்கியது மற்றதில் வராது. கட்டமுன் உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன், போனில் ஒரு இலவசத் திசைகாட்டிச் செயலியைப் போட்டு நின்ற இடத்தில் சுற்றிப் பாருங்கள். ஊசி அசையாவிட்டால் உங்கள் போனில் திசையுணரி இல்லை, விலை குறைந்த போன்கள் சிலவற்றில் இருக்காது. அந்தப் போனில் ஏஆர் வேலை செய்யாது, பிளானருக்கு மட்டும் பத்து டொலர் கொடுக்கத் தேவையில்லை.